டின்னர் க்ரூஸ் போறீங்களா? மெனுவைப் பார்க்கும் முன் மேல்தளத்தைப் பாருங்கள்!

கொச்சி மரைன் டிரைவில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு தமிழ்க் குடும்பம் நடந்து வந்தால் போதும். "சார், போட்டிங்? அண்ணா, சன்செட் டிரிப் இருக்கு, டின்னரோட இருக்கு" என்று பின்னாலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். மூணாறு, ஆலப்புழா, கொச்சி என்று போடும் கேரளா பேக்கேஜ்களில் கடைசி நாள் மாலைக்கு பெரும்பாலும் இதுதான் ஐட்டம். காயலில் ஒரு ரவுண்டு, மேல்தளத்தில் பாட்டு, இறங்கும்போது வயிறு நிறைய சாப்பாடு.

ஏறும் முன் கேட்கப்படும் கேள்விகளும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தலைக்கு எவ்வளவு? குழந்தைக்கு அரை டிக்கெட்டா? வெஜ் தனியாக வைப்பார்களா? டிஜே உண்டா?

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத கேள்வி ஒன்று இருக்கிறது: "இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? இப்போது எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்?"

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் கேரளத்தில் 2023ஆம் ஆண்டு 22 உயிர்களை எடுத்தது.

ஒரே மாநிலம், 12 நாள் இடைவெளி

2023 ஏப்ரல் 25. கொச்சி வாட்டர் மெட்ரோவைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். கொச்சின் ஷிப்யார்டு கட்டிய, பேட்டரியில் ஓடும் படகுகள். ஒரு படகில் 100 பேர், அதற்கு மேல் கிடையாது. மெட்ரோ ரயில் நிலையம் போலவே கதவில் ஆட்களை எண்ணித்தான் உள்ளே விடுவார்கள். படகுத்துறையே மிதவையாக இருப்பதால் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். கைக்குழந்தையோடு வருபவர்கூட தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. இந்தியா முழுக்க இதைப் பாராட்டி செய்தி ஓடியது.

12 நாள் கழித்து, மே 7, ஞாயிற்றுக்கிழமை. அதே கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் தானூர், தூவல் தீரம். பொழுது சாய்ந்து இருட்டிய பிறகு ஒரு சுற்றுலாப் படகு கடைசி ரவுண்டு கிளம்பியது. 'அட்லாண்டிக்' என்று பெயர் எழுதப்பட்ட இரண்டு அடுக்குப் படகு. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. ஏற வேண்டியவர்கள் 22 பேர், ஏறியவர்கள் 37 பேர். கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் போனது. கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் 15 பேர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர்.

கீழ்த்தளத்தில் இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. படகு தலைகீழானதும் கீழ்த்தளம் ஒரு மூடிய பெட்டியாகிவிட்டது.

படகு உரிமையாளர் மீது கொலை வழக்கு பதிவானது. சான்றிதழ் கொடுத்த விவகாரத்தில் துறைமுகத் துறை அதிகாரிகளும் கைது செய்யப்பட்டனர். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதி வி.கே. மோகனன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

இதெல்லாம் நடந்தது நடுக்கடலில் அல்ல. புயலும் இல்லை, பெரிய அலையும் இல்லை. கடலில் கலக்கும் ஒரு கழிமுகம், அவ்வளவுதான்.

அலையே இல்லாத தண்ணீரில் படகு ஏன் கவிழ்கிறது?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை எல்லோர் வீட்டிலும் இருந்திருக்கும். எவ்வளவு தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். காரணம், அதன் கனம் முழுக்க அடியில் இருக்கிறது. அதே பொம்மையின் தலையில் ஒரு கல்லை ஒட்டித் தள்ளிப் பாருங்கள். சாயும், அப்படியே கிடக்கும்.

படகும் கிட்டத்தட்ட இதேதான். அடியில் கனம் இருந்தால் சாய்ந்தாலும் நிமிரும். கனம் மேலே ஏற ஏற நிமிரும் சக்தி குறையும். மீன்பிடிப் படகை வடிவமைப்பவர், கனம் அடியில் இருக்கும் என்ற கணக்கில்தான் செய்வார். ஐஸும் மீனும் கீழே இருக்கும், மேலே நான்கைந்து பேர் நிற்பார்கள். அதே படகின்மேல் ஒரு கூரை, அதற்கு மேல் ஒரு தளம், கைப்பிடி, பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்பீக்கர், அப்புறம் 20 பேர் என்று ஏற்றினால் கணக்கே மாறிவிடும். பெயின்ட் அடித்து சீரியல் லைட் போட்டால் பார்க்க பிரமாதமாகத்தான் இருக்கும். தலைக்கனம் கண்ணுக்குத் தெரியாது.

டின்னர் க்ரூஸின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விற்கப்படுவதே மேல்தளம்தான். காற்றும் வியூவும் அங்கேதான், டான்ஸும் அங்கேதான். சாப்பாடு கீழே என்றாலும், தட்டை எடுத்துக்கொண்டு கூட்டம் மேலே வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. மேல்தளத்தில் 40 பேர். ஆளுக்கு 60 கிலோ என்றால் மொத்தம் 2,400 கிலோ, அதாவது இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எடை கட்டிவைத்த சரக்கு மூட்டை போல ஓர் இடத்தில் நிற்காது. "ஏய், அங்க பாரு, எவ்வளவு பெரிய கப்பல்!" என்று ஒருவர் கத்தினால் போதும். "என்னங்க, நீங்க குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க, நான் போட்டோ எடுக்கறேன்" என்று இன்னொருவர். அரை நிமிடத்தில் இரண்டரை டன் எடை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விடும். கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் வண்டி சாய்ந்து போவதைப் பார்த்திருப்போம். பஸ்ஸுக்கு அடியில் ரோடு இருக்கிறது. படகுக்கு அது இல்லை.

இதோடு படகின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். லேசாகச் சாய்த்தால் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடி, தாம்பாளத்தை மேலும் சாய்க்கும். சாய்ந்த படகுக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

ஒகேனக்கல்லில் பரிசல்காரர்கள் எழுந்து நிற்க விடாமல் அதட்டுவதற்குக் காரணமும் இதே விஷயம்தான். டின்னர் க்ரூஸில் அப்படி அதட்ட ஆள் கிடையாது. மாறாக, "எல்லாரும் எழுந்து வாங்க, கை தட்டுங்க" என்று மைக்கில் கூப்பிடுவார்கள்.

'அரசுப் படகுதானே' என்று நம்பலாமா?

2009 செப்டம்பர் 30, தேக்கடி. முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில் மாலை நேர சவாரி. ஓடியது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு. பழையதும் இல்லை, தண்ணீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரையில் விலங்குகள் தெரிந்ததும் மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்து கவிழ்ந்தது என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போனவர்களும் அதில் பலர்.

பயணிகள் நகர்ந்ததுதான் காரணம் என்று அதை முடித்துவிட முடியாது. விலங்கு காட்டத்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள். விலங்கைப் பார்த்தால் ஜனம் எழுந்து நிற்கத்தான் செய்யும். பயணிகள் ஒரு பக்கம் ஒதுங்கினால் கவிழும் படகு, சுற்றுலாவுக்கு லாயக்கில்லாத படகு. அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு தேதி உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரியில் பிக்னிக் வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்ததில் 22 பேர் இறந்தார்கள். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

58 பேரைப் பலிகொண்ட விருந்து

பெரிய கம்பெனி ஏற்பாடு செய்த பார்ட்டி, வெளிநாடு, நல்ல ஹோட்டல் சாப்பாடு என்றால் பயம் வேண்டாம் என்று தோன்றலாம். 2006 மார்ச் 30 அன்று பஹ்ரைனில் நடந்தது அப்படியொரு விருந்துதான்.

அங்கே வேர்ல்டு டிரேட் சென்டர் இரட்டைக் கோபுரம் கட்டும் வேலையில் இருந்தவர்களுக்கு 'அல் தானா' என்ற மரப் படகில் இரவு விருந்து. பழைய பாணி தோவ் படகை மேலே அடுக்கு வைத்து உணவகமாக மாற்றியிருந்தார்கள். கரையில் நின்றபோதே விருந்து தொடங்கியது. சிலர் இறங்கிவிட, சுமார் 130 பேருடன் படகு கிளம்பியது. கரை விளக்குகள் தெரியும் தூரத்திலேயே கவிழ்ந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள்.

பிறகுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்தப் படகுக்கு இருந்த அனுமதி, மிதக்கும் உணவகம் நடத்துவதற்கானது, பயணிகளோடு கடலில் ஓட்டுவதற்கானது இல்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

கட்டிப் போட்ட படகில் சாப்பாடு போடுவது வேறு, ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது வேறு. டிக்கெட் வாங்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆலப்புழா ஹவுஸ்போட்டில் தங்கியவர்களுக்கு இது புரியும். அங்கே மாலையானதும் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள், இரவுச் சாப்பாடு நின்ற இடத்தில்தான். 'ராத்திரி ஓட்ட மாட்டேங்கறாங்க, காசு வேஸ்ட்' என்று புலம்புபவர்கள் உண்டு. உண்மையில் நல்ல காரியம்தான் செய்கிறார்கள்.

இருட்டில் இன்னொரு ஆபத்து

நகரத்து நீர்வழி என்றால் அங்கே நம் படகு மட்டும் போகாது. கொச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மரைன் டிரைவில் கிளம்பி கோஸ்ரீ பாலங்கள், வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம், வில்லிங்டன் தீவு, ஃபோர்ட் கொச்சி சீன வலை என்று சுற்றும் வழியில்தான் சரக்குக் கப்பல், கடற்படைக் கப்பல், மீன்பிடிப் படகு, பயணிகள் படகு எல்லாம் ஓடுகின்றன. பெரிய கப்பலால் சட்டென்று நிற்கவோ திரும்பவோ முடியாது. அதன் முன்பக்கத்துக்கு மிக அருகில் வரும் சின்னப் படகு, மேலே இருந்து ஓட்டுபவர் கண்ணில் படாமலும் போகலாம்.

2019 மே 29 இரவு ஒன்பது மணி. ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்டில் டான்யூப் நதி. விளக்கொளியில் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்ப்பதற்காக தென்கொரியர்கள் 33 பேர் 'ஹாப்லேயான்' என்ற சிறிய படகில் போய்க்கொண்டிருந்தார்கள். மார்கரெட் பாலத்தடியில் பின்னால் வந்த பெரிய க்ரூஸ் கப்பல் இடித்தது. சில நொடிகளில் படகு மூழ்கிவிட்டது. ஊழியர் இருவரையும் சேர்த்து 35 பேர் இருந்த படகில் காப்பாற்றப்பட்டவர்கள் 7 பேர் மட்டும். 27 உடல்கள் கிடைத்தன, ஒருவர் இன்றுவரை கிடைக்கவில்லை. பெரிய கப்பலின் கேப்டனுக்கு 2023இல் ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபென்டா போன 'நீல்கமல்' படகின் மீது 2024 டிசம்பர் 18 அன்று கடற்படையின் ஸ்பீட்போட் மோதியது. அது பட்டப்பகலில், எதிரே வருவது எல்லோருக்கும் தெரியும்போதே நடந்தது. அதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

லண்டன் என்ன செய்தது?

1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, தேம்ஸ் நதியில் பிறந்தநாள் பார்ட்டி நடந்துகொண்டிருந்த 'மார்ச்சியோனெஸ்' படகை மணல் அள்ளும் கப்பல் ஒன்று இடித்து மூழ்கடித்தது. 51 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். இரண்டு கப்பல்களிலும் சரியாகக் கண்காணிக்க ஆள் இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

முழுமையான பொது விசாரணை வேண்டும் என்று குடும்பத்தினர் பத்து ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது. அதன் பிறகு 2002 ஜனவரியில் தேம்ஸ் நதிக்கென்றே நான்கு உயிர்காப்புப் படகு நிலையங்கள் திறக்கப்பட்டன. இன்று லண்டனில் டின்னர் க்ரூஸ் ஏறினால், அழைத்த சில நிமிடங்களில் வந்து சேரும் மீட்புப் படகு ஒன்று நதியில் தயாராக நிற்கிறது.

தானூரில் முதலில் தண்ணீரில் குதித்தவர்கள் உள்ளூர் மக்களும் மீனவர்களும்தான். மற்ற மீட்புப் படைகள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகே. படகுத்துறைக்கு அனுமதி கொடுக்கும்போதே மீட்புப் படகு எங்கே நிற்கும், எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேட்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் வரவில்லை.

சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021இல் வந்தது. படகுக்குப் பதிவு வேண்டும், சர்வே செய்த சான்றிதழ் வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். சர்வே சான்றிதழைப் படகில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்து 1917 சட்டத்திலேயே இருந்த விதி! எத்தனை படகில் பார்த்திருக்கிறோம்? சாமி படமும் 'நோ ஸ்மோக்கிங்' போர்டும் நிச்சயம் இருக்கும்.

கொச்சியில் எல்லாப் படகும் மோசம் என்றும் சொல்ல முடியாது. கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிக் கழகம் நடத்தும் 'நெஃபர்டிட்டி' 200 பேர் வரை போகக்கூடிய, இதற்கென்றே கட்டிய கப்பல். பெரிய கப்பல் என்பதோடு, டிக்கெட்டைக் கணக்கு வைத்து விற்பதும் அங்கே முக்கியம். நடைபாதையில் கூவி ஆள் பிடிக்கும் சின்னப் படகில் அந்தக் கணக்கு ஓட்டுபவரின் மனசில் இருக்கிறது. "இன்னும் ரெண்டு பேர் வந்தா கிளம்பிடலாம்" என்ற வார்த்தை காதில் விழுந்தால், ஏற்கெனவே எத்தனை பேர் என்று நாமே எண்ணிவிடுவது நல்லது.

சரி, ஏறும் முன் என்ன பார்க்கலாம்?

முதலில் எண்ணிக்கை. படகின் பக்கவாட்டில் அல்லது நுழைவாயிலில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்க வேண்டும். மேல்தளத்துக்குத் தனி எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்று பதில் வந்தால் இறங்கிவிடலாம். போவது டிக்கெட் காசு மட்டும்தான்.

அடுத்து லைஃப் ஜாக்கெட். இருக்கிறது என்று சொன்னால் போதாது, எங்கே இருக்கிறது, குழந்தை அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டை மூன்று வயதுக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைவழியே கழன்றுவிடும். இடுப்புப் பட்டை இறுக்கமாக மாட்டியிருக்கிறதா, சிறு குழந்தைக்குக் கால் வழியாகச் செல்லும் பட்டை இருக்கிறதா என்று கவனியுங்கள். பட்டுப் புடவைக்கு மேல் ஜாக்கெட் போட்டால் போட்டோ நன்றாக வராதுதான். பரவாயில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கண்ணாடி மூடிய ஏசி அறைக்குள் உட்கார்ந்திருந்து படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் நம்மைக் கூரையோடு சேர்த்துப் பிடித்துவைத்துவிடும், முங்கி வாசலுக்கு வர முடியாது. அதனால் ஜாக்கெட் அணிந்தவர்கள் திறந்த பகுதியில், வாசலை ஒட்டி உட்காருவது நல்லது. குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் அவர்களுக்குத் திறந்த கீழ்த்தளம், கதவோரம்தான் சரியான இடம். மேலே கூட்டம் குறைந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

படகு கிளம்பிய பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே போனாலோ, திரும்பும்போது சாய்ந்துவிட்டு நிமிர நேரம் எடுத்தாலோ, ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். கூட்டத்தை உட்கார வைப்பதும் கீழே இறக்குவதும் அவர்கள் வேலை. எல்லோரும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஓடுவது மட்டும் கூடவே கூடாது, அந்தப் பக்கம் கவிழ்ந்துவிடும்.

பொழுது சாய்ந்த பிறகு கிளம்பும் படகு என்றால் இரவில் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தானூர் படகு கிளம்பிய அந்தக் கடைசி ரவுண்டுக்கும் டிக்கெட் கொடுத்துத்தான் ஏற்றினார்கள்.

ஏறும் முன் போனில் சேமிக்க வேண்டிய எண்கள்: எந்த அவசரத்துக்கும் 112, கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093.